பலகையில் பெயர் வரும் என்பதால் கஞ்சிக்குக் கொடுக்காமல் விடலாமா?

24 பிப்ரவரி 2025, ஒரு தம்பியின் கேள்வி

"காக்கா (அண்ணன்), எங்கள் பள்ளிவாசலில் நோன்பு மாதம் முழுக்க, நோன்பு திறக்கக் கொடுக்கும் கஞ்சிக்கு ஒரு நாளைக்கு ஒருவர் பொறுப்பு. முப்பது பெயரையும் எழுதி வாசலில் பலகை வைத்துவிடுவார்கள். போன வருடம் என் பெயர் வந்த அன்று, அஸருக்கு (மாலைத் தொழுகைக்கு) வருகிறவர்கள் அதைப் படிக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். இக்லாஸ் (அல்லாஹ்வுக்காக மட்டும் என்ற தூய எண்ணம்) இல்லாத அமல் (நற்செயல்) வீண் என்று பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) கேட்டதிலிருந்து மனசு உறுத்துகிறது. இந்த வருடம் கொடுக்காமல் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானே?"

24 பிப்ரவரி, இரவு

சரியில்லை தம்பி. முதலில் பள்ளி நிர்வாகியான முத்தவல்லியிடம் பணத்தைக் கொடுத்து நாளைப் பிடித்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம். கடைசிப் பத்து நாள்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

25 பிப்ரவரி

நேற்று அவசரமாகச் சொன்னதற்குக் காரணம் சொல்கிறேன்.

ஃபுளைல் பின் இயாழ் (ரஹ்) ஒரு காலத்தில் வழிப்பறி செய்துகொண்டிருந்தவர். திருந்தி மக்காவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 187இல் அங்கேயே இறந்தார். அவர் சொன்னது: மக்களுக்காக ஒரு அமலை விடுவது ரியா (பிறர் பார்வைக்கான பகட்டு), மக்களுக்காக ஒரு அமலைச் செய்வது ஷிர்க் (அல்லாஹ்வுக்கு இணைவைப்பது), இந்த இரண்டிலிருந்தும் அல்லாஹ் உன்னைக் காப்பாற்றுவதுதான் இக்லாஸ்.

இரண்டாம் பாதி எல்லாருக்கும் தெரியும். முதல் பாதியைத்தான் பயான்களில் அதிகம் கேட்க முடிவதில்லை. உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் மக்கள் பார்க்கிறார்களா என்று நின்றீர்கள். இந்த வருடம் மக்கள் பார்ப்பார்கள் என்று விடப் பார்க்கிறீர்கள். இரண்டு தடவையும் முடிவெடுத்தது பலகை முன் நிற்கிற அந்த மக்கள்தான். ஷைத்தானுக்கு உங்கள் நிய்யத்தை (எண்ணத்தை) கெடுப்பதும் லாபம், உங்களைக் கொடுக்க விடாமல் செய்வதும் லாபம். இரண்டாவதில் அவனுக்கு வேலை மிச்சம்.

நீங்கள் கொடுக்காத நாளில் யாருக்கு நஷ்டம் என்றும் யோசியுங்கள். பேருந்து நிலையத்தில் நோன்பு திறக்க இடமில்லாமல் வருகிற பயணிக்கு, கடைப் பையனுக்கு, அஸருக்குப் பிறகு தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிற பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு. அதில் பாதிப் பேர் நோன்பு வைக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள்கூட இல்லை. அவர்கள் குடிக்கிற கஞ்சி உங்கள் மனசு சுத்தமாகும்வரை காத்திருக்க வேண்டுமா?

25 பிப்ரவரி, சற்று நேரம் கழித்து

ஒரு வழி இருக்கிறது. "என் பெயருக்குப் பதிலாக 'அல்லாஹ்வின் அடியார்' என்று எழுதுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பல ஊர்ப் பள்ளிகளில் இந்த வழக்கம் உண்டு. எங்கள் பள்ளியில் ஒரு வருடம் அப்படி எழுதியிருந்ததைப் பார்த்து வெளியூர்க்காரர் ஒருவர், "இந்த அடியார் யார் வீட்டுப் பிள்ளை? இத்தனை நாள் கொடுத்திருக்கிறாரே!" என்று கேட்டார். பாங்கு சொல்லும் மோதினாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

28 பிப்ரவரி, ஜும்ஆவுக்கு (வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு) பிறகு

"அப்படியானால் பலகையே ஹராமா, தூக்கி எறிந்துவிடலாமா?" என்று வேறு ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. கஞ்சிக்கு வசூல் செய்கிறவர்களோடு சுற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். பலகை முதலில் ஒரு கணக்கு. எந்த நாள் நிரம்பியிருக்கிறது, எந்த நாள் காலியாக இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும். ஒரே நாளுக்கு இரண்டு பேரிடம் வாங்கிவிட்டார்கள் என்ற பேச்சு வரக்கூடாது. காலியான கட்டத்தைப் பார்த்துவிட்டு, "அந்த நாளை என் பேரில் போடுங்கள்" என்று ஓடி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய், இஞ்சி பூண்டு, ரம்பை இலை, கறி, விறகு, சமைக்கிறவர் கூலி என்று ஒரு தேக்சாவுக்கு (பெரிய பாத்திரத்துக்கு) எவ்வளவு ஆகும் என்பது கொடுக்கிறவருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

வெளிப்படையாகக் கொடுப்பதைக் குர்ஆன் திட்டவில்லை. "தர்மங்களை வெளிப்படையாகக் கொடுத்தால் அது நல்லதே, மறைத்து ஏழைகளுக்குக் கொடுத்தால் அது உங்களுக்கு இன்னும் நல்லது" என்ற கருத்தில்தான் 2:271ஆம் வசனம் வருகிறது. முதல் பாதியையும் சேர்த்து ஓத வேண்டும்.

ஜரீர் பின் அப்துல்லாஹ் (ரலி) அறிவிக்கிற ஹதீஸ் (நபிமொழி) முஸ்லிம் என்ற ஹதீஸ் நூலில் இருக்கிறது. முளர் கூட்டத்தார் காலில் செருப்பில்லாமல், கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு மதீனாவுக்கு வருகிறார்கள். அவர்களுடைய வறுமையைப் பார்த்து நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடுகிறது. பிலாலை (ரலி) பாங்கு சொல்ல வைத்து, தொழுது, மக்களிடம் பேசுகிறார்கள். பேரீச்சம்பழத்தில் பாதியாவது கொடுங்கள் என்கிறார்கள். அன்சாரிகளில் (மதீனாவாசிகளான நபித்தோழர்களில்) ஒருவர் கை தாங்காத அளவு கனமான ஒரு பையைத் தூக்கி வந்து வைக்கிறார். எல்லார் கண் முன்னாலும்தான். அதைப் பார்த்து ஒருவர் பின் ஒருவராக வந்து, உணவு ஒரு குவியல், துணி ஒரு குவியல் என்று சேர்ந்துவிடுகிறது. நபியின் முகம் பொன் போல ஒளிர்ந்தது என்கிறார் ஜரீர். "இஸ்லாத்தில் ஒரு நல்ல வழியைத் தொடங்கி வைத்தவருக்கு அதன் கூலியும், அவருக்குப் பின் அதைச் செய்தவர்களின் கூலியும் உண்டு" என்ற ஹதீஸ் அந்த இடத்தில்தான் சொல்லப்பட்டது. அந்த அன்சாரி ரியாவுக்குப் பயந்து பையை வீட்டிலேயே வைத்திருந்தால் அன்று மற்றவர்கள் யாரைப் பார்த்து எழுந்திருப்பார்கள்?

ஆனால் ஒரு பள்ளியில் பலகை கணக்குக்காக இருக்கிறதா, முதலாளிகளைக் குளிர்விக்க இருக்கிறதா என்பதை அந்த ஊர்க்காரர்கள்தான் பார்க்க வேண்டும். ஜும்ஆ மேடையில் நன்கொடைப் பட்டியல் வாசிக்கும்போது பெரிய தொகைக்குக் குரல் ஏறி, சிறிய தொகைக்கு இறங்கினால் அங்கே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது.

3 மார்ச்

நோன்பு தொடங்கிவிட்டது. கீழே கருத்துப் பகுதியில் ஒரு தம்பி "இன்னமல் அஃமாலு பின்னிய்யாத்" (செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தே அமையும்) என்ற ஹதீஸை எடுத்துப் போட்டு, "உம்மு கைஸ் என்ற பெண்ணை மணப்பதற்காக ஒருவர் ஹிஜ்ரத் (மதீனாவுக்குக் குடிபெயர்வு) செய்தார், அவரைப் பற்றித்தான் நபி இதைச் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறார். பயான்களில் வழக்கமாக வருகிற கதைதான். ஆனால் இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். உம்மு கைஸுக்காக ஹிஜ்ரத் செய்தவரின் கதை இப்னு மஸ்ஊத் (ரலி) வழியாக வருகிறது. அந்த மனிதரைக் குறித்துத்தான் இந்த ஹதீஸ் சொல்லப்பட்டது என்பதற்கு அந்த அறிவிப்பில் எதுவும் இல்லை. ஹதீஸ் அறிஞர்களான இப்னு ரஜபும் இப்னு ஹஜர் அஸ்கலானியும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த ஹதீஸின் வழியையும் பாருங்கள். நபியிடமிருந்து உமர் (ரலி), அவரிடமிருந்து அல்கமா பின் வக்காஸ், அவரிடமிருந்து முஹம்மத் பின் இப்ராஹீம் அத்தைமீ, அவரிடமிருந்து யஹ்யா பின் ஸயீத் அல்அன்சாரி. அதுவரை ஒற்றை வழி. யஹ்யாவுக்குப் பிறகுதான் ஏராளமானவர்கள் அதை எடுத்துச் சொல்கிறார்கள். உமர் (ரலி) இதை மிம்பரில் (பள்ளிவாசல் மேடையில்) நின்று சொன்னதாக புகாரி என்ற ஹதீஸ் நூலில் வருகிறது. புகாரி இமாம் தன் நூலின் முதல் ஹதீஸாக வைத்தார். நவவி இமாமும் நாற்பது ஹதீஸ் தொகுப்பை இதிலிருந்தே தொடங்கினார். எனக்கு இதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. கூட்டத்துக்கு நடுவே சொல்லப்பட்டும், நமக்கு அது பத்திரமாக வந்து சேர்ந்தது ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே ஒரு மனிதர் வழியாக. அந்த நால்வரும் தங்கள் பெயர் நிற்க வேண்டும் என்று அதைச் சுமந்திருக்க மாட்டார்கள்.

5 மார்ச்

தொழுகையைத் தொடங்க 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் கட்டும்போது நிய்யத் வந்ததா வரவில்லையா என்று திரும்பத் திரும்பக் கை உயர்த்துகிறவர் பற்றி ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய வாப்பாவாம் (தந்தையாம்). இமாம் ருகூவுக்கு (குனிந்து நிற்கும் நிலைக்கு) போன பிறகும் கட்ட முடியாமல் நிற்கிறாராம்.

எங்கள் கடற்கரை ஊர்கள் ஷாஃபிஈ மத்ஹபை (மார்க்கச் சட்டப் பிரிவை) சேர்ந்தவை. தக்பீரோடு நிய்யத் மனசில் இருக்க வேண்டும் என்று சிறு வயதிலேயே மதரஸாவில் ஓதிவிடுவதால், அதை நினைத்து நினைத்தே சிலருக்கு வஸ்வாஸ் (ஓயாத சந்தேகம்) பிடித்துவிடுகிறது. சகோதரி தன் வாப்பாவிடம் மெதுவாகச் சொல்ல வேண்டியது இது: ஒவ்வொரு எழுத்தோடும் நிய்யத்தை விரித்துக் கோக்க வேண்டியதில்லை. இந்தத் தொழுகையைத் தொழுகிறேன் என்ற உணர்வு சாதாரணமாக மனசில் இருந்தாலே போதும். ஷாஃபிஈ அறிஞர்களான இமாமுல் ஹரமைனும் கஸ்ஸாலியும் சொன்ன இந்தக் கருத்தைத்தான் நவவி இமாமும் தேர்ந்தெடுத்தார். மத்ஹபுக்குள்ளேயே இருக்கிற வழி என்பதால் வாப்பா மறுக்க மாட்டார்.

லுஹருக்கு (நண்பகல் தொழுகைக்கு) ஒளுச் செய்து (முகம் கை கால் கழுவி), பள்ளிவாசலுக்கு நடந்து, ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) நிற்கிறவர் வேறு எதற்காக வந்திருப்பார்? நிய்யத் இல்லாமல் அங்கே வந்து நிற்பதுதான் கஷ்டம்.

தராவீஹுக்கு (நோன்பு மாத இரவுத் தொழுகைக்கு) பிறகு "நவைத்து ஸவ்ம கதின்" (நாளைய நோன்புக்கு நிய்யத் வைக்கிறேன்) என்று ஹஜ்ரத் (இமாம்) சொல்லிக்கொடுக்க, எல்லாரும் சேர்ந்து சொல்வது சரியா தவறா என்று கீழே பெரிய சண்டை ஓடுகிறது. நிய்யத்தின் இடம் மனசு என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதோடு விடுவோம். அந்தச் சண்டையை நடத்தும்போது இரு தரப்புக்கும் என்ன நிய்யத் இருந்தது என்பதைத்தான் நான் கேட்க நினைக்கிறேன்.

10 மார்ச்

முதல் தம்பியின் கேள்வியை விட முடியவில்லை. அவர் கேட்டது கொடுப்பதற்கு முன்னால் உள்ள நிய்யத்தைப் பற்றி. எனக்கு வயது ஏற ஏற, கொடுத்ததற்குப் பின்னால்தான் நிய்யத் வெளியே தெரிகிறது என்று படுகிறது. கொடுக்கிற நேரத்தில் எல்லாருக்கும் மனசு இளகியிருக்கும். அல்லாஹ்வுக்காக என்று வாயும் சொல்லும், மனசும் சொல்லும். பிறகு வாங்கிய வீட்டுக்காரர் தெருவில் பார்த்தும் பார்க்காமல் போகிறார். கஞ்சி குடித்தவர் உப்பு குறைவு என்கிறார். நீங்கள் ஓடியாடி முடித்த வேலைக்கு மேடையில் வேறொருவருக்குச் சால்வை போடுகிறார்கள். அப்போது உள்ளே என்ன எழுகிறது என்று பாருங்கள்.

குர்ஆனும் இந்த இடத்தில் பின்னால்தான் கை வைக்கிறது. 2:264இல், சொல்லிக்காட்டுவதாலும் நோவினை செய்வதாலும் உங்கள் தர்மங்களைப் பாழாக்காதீர்கள் என்று வருகிறது. இரண்டுமே கொடுத்து முடித்த பிறகு நடக்கிறவை. மக்கள் பார்க்கச் செலவழிக்கிறவனுக்கு அங்கே சொல்லப்படும் உவமை, மேலே மண் படிந்த வழுக்குப் பாறை. பெருமழை வந்ததும் வெறும் பாறை தெரிந்துவிடுகிறது. மழைக்கு முன்னால் விளைநிலம் போலத்தான் இருந்தது.

கஸ்ஸாலி இமாம் இஹ்யா என்ற தம் நூலில் சொல்லும் ஒருவர் முப்பது வருடத் தொழுகையை மீண்டும் தொழுதார். எல்லாம் முதல் ஸஃப்பில் நின்று தொழுதவை. ஒரு நாள் தாமதமாகி இரண்டாவது ஸஃப்பில் நிற்க நேர்ந்தபோது, மக்கள் பார்க்கிறார்களே என்று வெட்கம் வந்தது. முதல் ஸஃப்பில் இத்தனை வருடம் மனசுக்குக் கிடைத்த இதம் மக்கள் பார்வையிலிருந்து வந்தது என்று அப்போது புரிந்துகொண்டார். அந்தத் தாமதம் வராமலே இருந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. எல்லாரும் முப்பது வருடத்தைக் களா செய்யுங்கள் (திரும்பத் தொழுங்கள்) என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தன்னை அவ்வளவு கடுமையாக விசாரித்த ஒரு மனிதரின் நிலை அது.

என் உம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வீட்டுக்கு அரிசியோ பணமோ கொடுத்தனுப்பினால், அதன் பிறகு கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போக மாட்டார். கடைக்குப் போகக்கூடச் சுற்றுவழி. அந்த வீட்டு ராத்தா (அக்கா) எதிரே வந்துவிட்டால் அவர் வாய் திறப்பதற்குள் உம்மா வேறு கதையை ஆரம்பித்துவிடுவார். மகள் வளைகாப்பு, கிணற்றில் உப்புத் தண்ணீர், எதையாவது. சின்ன வயதில் எனக்கு இது விளங்கவில்லை. உம்மாவிடம் கேட்டபோது, "அவள் எனக்கு நன்றி சொல்லிவிட்டால் என் கூலி அங்கேயே முடிந்துபோச்சு வாப்பா" என்றார். உம்மா ஓதியது குர்ஆன் மட்டும்தான், கிதாபுகள் (மார்க்க நூல்கள்) எதுவும் தெரியாது. 76:9இல் "உங்களிடமிருந்து நாங்கள் பிரதிபலனையோ நன்றியையோ எதிர்பார்க்கவில்லை" என்று வருவதைப் பிற்பாடு தர்ஜமாவோடு (மொழிபெயர்ப்போடு) படித்தபோது எனக்கு உம்மா நடந்த சுற்றுவழிதான் நினைவுக்கு வந்தது.

10 மார்ச், தராவீஹுக்குப் பிறகு

நபியின் மனைவி அன்னை ஆயிஷா (ரலி) ஒரு வீட்டுக்கு எதையாவது கொடுத்தனுப்பினால், கொண்டுபோனவர் திரும்பியதும் "அவர்கள் என்ன துஆ (பிரார்த்தனை) செய்தார்கள்?" என்று கேட்பார்களாம். அதே துஆவைத் தாமும் அவர்களுக்குச் செய்துவிடுவார்களாம், கூலி அல்லாஹ்விடம் முழுசாக இருக்கட்டும் என்று. மேலே எழுதியதோடு சேர்த்து இதைப் படியுங்கள்.

12 மார்ச்

"இதையெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது, யாராவது பாராட்டினால்கூட அமல் போய்விடுமா?" என்று ஒருவர் கேட்கிறார்.

பயப்பட வேண்டிய இடமும் உண்டு. மறுமையில் முதலில் விசாரிக்கப்படுகிற மூவரைப் பற்றிய ஹதீஸ், முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அறிவிப்பது. போரில் உயிர் கொடுத்தவர், கல்வி கற்றுக் கற்பித்துக் குர்ஆன் ஓதியவர், வாரி வழங்கிய செல்வந்தர். வீரன், ஆலிம், கொடையாளி என்று பெயர் வாங்கச் செய்தாய், அப்படியே சொல்லப்பட்டும் விட்டது என்று அவர்களிடம் கூறப்படும். திர்மிதி என்ற ஹதீஸ் நூலின் அறிவிப்பில், இதைச் சொல்லத் தொடங்கும்போது அபூஹுரைராவே பல தடவை மயங்கி விழுகிறார்.

ஆனால் அதே முஸ்லிமில் அபூதர் (ரலி) அறிவிப்பதையும் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் நல்லது செய்கிறார், மக்கள் அதற்காகப் புகழ்கிறார்கள், இது எப்படி என்று கேட்டபோது, "அது இறைநம்பிக்கையாளருக்கு முன்கூட்டியே கிடைக்கும் நற்செய்தி" என்றார்கள் நபி (ஸல்). அல்லாஹ்வுக்காகச் செய்துவிட்டீர்கள், பிறகு பாராட்டு தானாக வந்தது, மனசு குளிர்ந்தது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. பாராட்டு வராதபோது அடுத்த தடவை செய்யாமல் விடுகிறீர்களா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

16 மார்ச்

நிவாரணப் பொருள் கொடுக்கும் படங்கள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பித்துவிட்டன. ஒரு மூட்டை அரிசி, அதைச் சுற்றி ஆறு ஆண்கள், நடுவில் தலை குனிந்து ஒரு வயதான பெண். இதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தின்போது பள்ளிவாசல்களைத் திறந்து விட்டார்கள், எல்லா மதத்தவரும் வந்து தங்கினார்கள். அப்போது படங்கள் தேவையாக இருந்தன. எந்தத் தெருவில் தண்ணீர், எங்கே பால் மாவு இல்லை, எங்கே போர்வை மிச்சம் என்று படம் பார்த்துத்தான் வண்டிகள் திரும்பின. அடுக்கி வைத்த மூட்டைகளைப் படம் எடுங்கள். கணக்கைப் போடுங்கள். பணம் கொடுத்தவருக்கு அது உரிமை. வாங்குகிறவர் முகத்தை எதற்குப் போட வேண்டும்? அந்தப் படம் அவர் மகளுக்குப் பேசி முடித்திருக்கிற சம்பந்தக்காரர் கைப்பேசிக்கும் போகும். இது ரியா என்பதோடு நிற்கவில்லை. மேலே 2:264இல் சொன்ன நோவினையும் இதுதான்.

ஜகாத்தை (கடமையான தர்மத்தை) வெளிப்படையாகக் கொடுப்பது சிறந்தது என்று பல அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடமையை நிறைவேற்றுகிறார் என்று தெரியவும், மற்றவர்களுக்கும் நினைவு வரவும். ஜகாத் கொடுக்கிறவர் என்பது தெரியட்டும். வாங்குகிறவர் யார் என்பது தெரியாமல் இருக்கட்டும். இருபத்தேழாம் இரவு பெரிய வீட்டு வாசலில் பெண்களை வரிசையில் நிற்க வைத்துக் கொடுப்பதை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். வீடு தேடிப் போய் உறையில் கொடுக்க ஒரு பேரனை அனுப்பினால் ஒரு மாலையில் முடிகிற வேலை.

நபியின் பேரர் இமாம் ஹுசைன் (ரலி) அவர்களின் மகன் ஜைனுல் ஆபிதீன் மதீனாவில் இரவு இரவாக முதுகில் மூட்டை சுமந்து ஏழை வீடுகளுக்குக் கொடுத்தவர். யார் கொடுக்கிறார் என்று வாங்கியவர்களுக்குத் தெரியாது. அவர் இறந்து, குளிப்பாட்டும்போது முதுகில் கறுத்த தழும்புகள் இருந்தன. இரவில் வந்துகொண்டிருந்தது நின்றுபோனபோதுதான் மதீனாவாசிகளுக்கு விஷயம் விளங்கியது. வாழ்ந்த காலத்தில் அவரைக் கஞ்சர் என்று நினைத்தவர்களும் இருந்தார்களாம். அந்தப் பேரையும் தாங்கிக்கொண்டு கொடுத்திருக்கிறார்.

21 மார்ச்

பேச்சு தொழுகை, நோன்பு, தர்மம் என்றே போகிறது. அன்றாட வேலைகளை விட்டுவிட்டோம்.

ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) மக்காவில் கடுமையாக நோயுற்றபோது, சொத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்யட்டுமா என்று கேட்கிறார். நபி (ஸல்) மூன்றில் ஒன்றோடு நிறுத்தச் சொல்கிறார்கள், அதுவே அதிகம் என்கிறார்கள். அதோடு, அல்லாஹ்வின் முகத்தை நாடிச் செலவழிக்கும் எதற்கும் கூலி உண்டு, உன் மனைவியின் வாயில் வைக்கும் கவளத்துக்கும் உண்டு என்கிறார்கள். யமனில் முஆத் (ரலி) அபூமூஸாவிடம் (ரலி) சொன்னது புகாரியில் இருக்கிறது: இரவில் நின்று தொழுவதற்கு எப்படிக் கூலி எதிர்பார்க்கிறேனோ அப்படியே என் தூக்கத்துக்கும் எதிர்பார்க்கிறேன். அடுத்து எழுந்து தொழத் தெம்பு வேண்டும் என்று தூங்குகிறார்.

சவூதியின் தம்மாமில் நான் வேலை பார்த்த காலத்தில் எங்கள் அறையில் ஒரு காக்கா இருந்தார். அதிகம் ஓதத் தெரியாது. இரவு வேலை முடிந்து வருகிறவர்களுக்குச் சஹர் (நோன்பு வைக்கும் முன் அதிகாலையில் உண்ணும்) சோறு சூடாக இருக்க வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் எழுந்துவிடுவார். சம்பளம் வந்ததும் ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் வரிசையில் நிற்போம். அவர் மட்டும் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு உதட்டுக்குள் என்னவோ சொல்வார். கேட்டதற்கு, "இது உம்மாவுக்கு மருந்து, இது தங்கச்சி வீட்டு வாடகை, இது பிள்ளை பள்ளிக்கூடம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிய்யத் வைக்கிறேன், மொத்தமாக அனுப்பினால் வெறும் பணமாகப் போயிடும்" என்றார். அதே வரிசையில் அதே தொகையை அனுப்பிய எங்களுக்கு அது மாதாந்திரச் சுமையாக இருந்தது.

தம்பி, கஞ்சிப் பலகையை விட இது பெரிய இடம். இங்கே பார்க்க ஆளே இல்லை. பாராட்டவும் ஆள் இல்லை. வீட்டுக்குச் சம்பாதிப்பதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. ரியாவுக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் இந்த அமல்களை எடுத்துக்கொள்ளலாம்.

27 மார்ச், இருபத்தேழாம் இரவு

முதல் தம்பி திரும்ப வந்திருக்கிறார். "பெயர் போடாமல் கொடுத்துவிட்டேன் காக்கா. இப்போது 'அந்த அடியார் நான்தான்' என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. நேற்று ஒரு கூட்டாளியிடம் வாய் வரை வந்துவிட்டது."

இதை எழுதியதற்காகவே உங்களுக்கு துஆ செய்தேன். கஸ்ஸாலி இதையும் எழுதி வைத்திருக்கிறார். அமலை மறைத்துச் செய்கிறவர் சிலருக்கு, மக்கள் முந்திக்கொண்டு ஸலாம் சொல்ல வேண்டும், சபையில் இடம் விட வேண்டும், கடையில் விலை குறைத்துக் கொடுக்க வேண்டும் என்று உள்ளே ஒரு எதிர்பார்ப்பு இருக்கும். யாரிடமும் சொல்லவும் மாட்டார், அவர்கள் மதிக்காவிட்டால் மனசு வலிக்கும். சுஃப்யான் ஸவ்ரி (ரஹ்) மாதிரி பேரறிஞர் ஒருவரே, என் நிய்யத்தைப் போல எனக்கு வைத்தியம் பார்க்கக் கடினமானது வேறில்லை, அது என்மீதே புரண்டுகொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கும்போது நமக்கு வருவதில் ஆச்சரியமில்லை.

தம் நெருங்கிய தோழர் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்), ஷிர்க் எறும்பு ஊர்வதை விட நுட்பமாக வரும் என்று சொல்லி, ஒரு துஆவையும் சொல்லிக்கொடுத்தார்கள். தெரிந்து உனக்கு இணைவைப்பதை விட்டு உன்னிடம் பாதுகாப்புத் தேடுகிறேன், தெரியாமல் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்பது அதன் கருத்து. யாரிடம் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கவனியுங்கள். அபூபக்ரிடம். இன்று இரவு ஓதுங்கள். கூட்டாளியிடம் சொல்லாதீர்கள். ஒருவேளை சொல்லிவிட்டாலும் அதற்காக அடுத்த வருடம் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

4 ஏப்ரல்

பெருநாள் முடிந்து ஷவ்வால் நோன்பு ஓடிக்கொண்டிருக்கிறது. கடை வைத்திருக்கும் ஒருவர் கேட்டது: "உம்ராவுக்கு (மக்கா யாத்திரைக்கு) போகிறேன். வரும்போது கடைக்கு அத்தர், தஸ்பீஹ் (ஜபமணி), முஸல்லா (தொழுகை விரிப்பு) வாங்கி வந்தால் செலவில் பாதி தேறும். நிய்யத்தில் வியாபாரம் கலந்துவிடுகிறதே, கூலி உண்டா?"

ஹஜ்ஜிலேயே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. உக்காழ், மஜன்னா, துல்மஜாஸ் ஆகியவை ஜாஹிலிய்யா (இஸ்லாத்துக்கு முந்தைய) காலத்துச் சந்தைகள். ஹஜ் நாள்களில் அங்கே வியாபாரம் செய்வது பாவமோ என்று சஹாபாக்கள் (நபித்தோழர்கள்) தயங்கியபோது, உங்கள் இறைவனின் அருளைத் தேடுவதில் குற்றமில்லை என்ற 2:198 இறங்கியது. இப்னு அப்பாஸ் (ரலி) சொல்லி புகாரியில் வருகிறது. கலந்த நிய்யத்தில் எந்த நோக்கம் கனமாக இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கூலி என்பது கஸ்ஸாலியின் பார்வை. அத்தர் விற்காது என்று இப்போதே தெரிந்தாலும் உம்ராவுக்குப் போவீர்களா? போவேன் என்றால் தாராளமாக அத்தரும் வாங்கி வாருங்கள். மக்காவில் அமல்களை முடித்துவிட்டுக் கடைசி நாளில் கடைத்தெருவுக்குப் போங்கள், தவாஃபின்போது (கஅபாவைச் சுற்றும்போது) மனசில் விலை ஓடாமல் இருக்கும். முஸல்லா மட்டும் நிறைய வாங்க வேண்டாம், விமானத்தில் எடை கூடிவிடும்.